12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 8 காட்டினால்: எஸ்எம்பிஎஸ் அளவுகளைப் படிக்கும் முறை

கம்ப்யூட்டரின் சூடு எவ்வளவு என்று பார்க்க ஒரு கண்காணிப்பு மென்பொருளைத் திறக்கிறீர்கள். சூடு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கீழே +12 வோல்ட் என்ற வரிக்கு எதிரே 8.06 என்று நிற்கிறது. அதற்கும் கீழே −12 வோல்ட் என்ற வரியில் −16.9. இதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி, போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. புதிதை மாட்டிய பிறகும் அதே 8.06 அங்கேயே நிற்கும். காரணம், கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை, அந்த எண் உருவான வழியில் இருக்கிறது.

ஓர் எண்ணைப் பார்த்ததும் அது எந்த வழியாக வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். நல்லதா கெட்டதா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் இந்த எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஏடிஎக்ஸ் (மேசைக் கம்ப்யூட்டர்களுக்கான பொதுத் தரவரையறை) எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றும் சில நிலையான வோல்ட்டேஜ்களைத் தருகிறது. +12, +5, +3.3 ஆகிய மூன்றும் வழக்கமான வரையறைப்படி குறித்த அளவிலிருந்து 5 சதவீதம் வரை மேலேயோ கீழேயோ போகலாம். அதாவது +12 என்பது 11.40 முதல் 12.60 வரை, +5 என்பது 4.75 முதல் 5.25 வரை, +3.3 என்பது சுமார் 3.14 முதல் 3.46 வரை இருக்கலாம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் உயிரோடு இருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பைக்கும் அதே 5 சதவீதம்தான். −12க்கு மட்டும் 10 சதவீதம், அதாவது −10.8 முதல் −13.2 வரை.

பழைய விளக்கப் படங்களில் −5 வோல்ட் என்று ஒரு வெள்ளை ஒயர் இருக்கும். 2003 வாக்கில் அது தரவரையறையிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் மென்பொருள் −5க்கு ஏதாவது ஓர் எண்ணைக் காட்டினால், இல்லாத ஒன்றை அளந்து சொல்கிறது என்று அர்த்தம். அந்த வரியை விட்டுவிடலாம்.

மென்பொருளுக்கு அந்த எண் எங்கிருந்து வருகிறது?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். விசித்திரமான அளவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

மென்பொருள் எஸ்எம்பிஎஸ்ஸோடு நேரடியாகப் பேசுவதில்லை. மதர்போர்டில் சூப்பர் ஐ/ஓ என்று ஒரு சிப் உண்டு. பெரும்பாலும் நுவோட்டான் அல்லது ஐடிஇ நிறுவனத்தின் சிப்பாக இருக்கும். ஃபேன் வேகம், வெப்பநிலை, வோல்ட்டேஜ் மூன்றையும் அளப்பது அதுதான். ஆனால் அந்தச் சிப்பின் உள்ளீட்டால் 12 வோல்ட்டை நேராகத் தாங்க முடியாது. மாடலைப் பொறுத்து 2 அல்லது 4 வோல்ட் வரைதான் அதனால் அளக்க முடியும். ஆகவே மதர்போர்டை வடிவமைப்பவர் இரண்டு ரெசிஸ்டர்களைப் போட்டு 12 வோல்ட்டைச் சின்னதாக்கிச் சிப்புக்கு அனுப்புகிறார். சிப் சின்ன எண்ணைப் படிக்கிறது, மென்பொருள் அதைப் பெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. நுவோட்டான் சிப் உள்ள போர்டு ஒன்றில் 12 வோல்ட் 12இல் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிப்புக்கு வருவது 1.008 வோல்ட். மென்பொருள் அதை 12ஆல் பெருக்கினால் 12.096 வரும். சரியான அளவு. ஆனால் எந்தப் போர்டில் எந்த ரெசிஸ்டர் இருக்கிறது என்பது சிப்புக்கும் தெரியாது, மென்பொருளுக்கும் தானாகத் தெரியாது. அதை எழுதியவர் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் போர்டு பட்டியலில் இல்லாமல் போய் மென்பொருள் 8ஆல் பெருக்கிவிட்டால்? 1.008 பெருக்கல் 8 என்பது 8.064. தொடக்கத்தில் பார்த்த 8.06 இதுதான்.

−12 கதை இன்னும் எளிது. இன்றைய போர்டுகளுக்கு −12இன் தேவை ஏறக்குறைய இல்லை. பழைய சீரியல் போர்ட்டுக்கும் பழைய பிசிஐ கார்டுகளுக்கும்தான் அது வேண்டியிருந்தது. அதனால் பல போர்டுகளில் அதற்கான அளவீட்டு இணைப்பே இருக்காது. எதனோடும் இணையாத உள்ளீட்டை மென்பொருள் படித்து, வாய்ப்பாட்டில் போட்டு, வந்ததைக் காட்டுகிறது. −16.9 போன்ற எண்களெல்லாம் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

இன்னொன்று, சிப் எவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிடிக்கும் என்பது. நாம் பார்த்த சிப் 8 மில்லிவோல்ட் படிகளில்தான் அளக்கும். 12ஆல் பெருக்கினால் ஒரு படி 96 மில்லிவோல்ட். எனவே திரையில் 11.904, 12.000, 12.096, 12.192 என்றுதான் எண்கள் வரும், இடையில் எதுவும் வராது. அளவு 12.000க்கும் 12.096க்கும் இடையே மாறி மாறிக் குதிப்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் ஆடுகிறது என்று பயப்பட வேண்டாம். உண்மையில் அது சில மில்லிவோல்ட்டே அசைந்திருக்கலாம். மூன்று தசம இடங்கள் காட்டுவதால் அந்த எண் அவ்வளவு துல்லியமானது என்று ஆகிவிடாது. குறைக்கும் ரெசிஸ்டர்கள் 1 சதவீதத் துல்லியம் உள்ளவையாக இருந்தால்கூட, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் விலகும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 0.2 வோல்ட் பிசகு வரும்.

படி 1: கம்ப்யூட்டரையே சாட்சியாக வையுங்கள்

ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார், ஃபேன்கள், பிராசசருக்கு மின்சாரம் மாற்றித் தரும் சுற்று, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாமே 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அது உண்மையிலேயே 8 வோல்ட்டுக்கு இறங்கினால் டிஸ்க் சுழலாது, ஃபேன்கள் தளர்ந்துவிடும். ஓரளவு தரமான எஸ்எம்பிஎஸ் என்றால் அதற்கு முன்பே தன்னை அணைத்துக்கொள்ளும். அப்படியிருக்க, கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டே 8.06 காட்டினால் எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். 12க்கு 14, 5க்கு 3.4 என்று காட்டினாலும் இதே தர்க்கம்தான்.

பிரச்சினை, 11.3 அல்லது 12.7 போல எல்லைக்கு அருகில் வரும் எண்களில்தான். அவை உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அவற்றுக்குத்தான் மற்ற படிகள்.

படி 2: பயாஸைத் திறந்து ஒப்பிடுங்கள்

கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரலான பயாஸும் அதே சிப்பைத்தான் படிக்கிறது. ஆனால் எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பது போர்டைச் செய்த நிறுவனத்துக்குத் தெரியும். மென்பொருள் 8.06 சொல்லி, பயாஸின் ஹார்டுவேர் மானிட்டர் பக்கம் 12.09 சொன்னால் வழக்கு முடிந்தது. மென்பொருளைப் புதுப்பியுங்கள், அல்லது வேறொன்றைப் பயன்படுத்துங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்றவை நிறைய போர்டுகளுக்குத் தனித்தனி அளவுகள் வைத்திருக்கின்றன. லினக்ஸில் எல்எம்-சென்சர்ஸ் பயன்படுத்தினால், அமைப்புக் கோப்பில் சரியான பெருக்கலை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

பயாஸும் எல்லைக்கு வெளியே காட்டினால் இன்னும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ரெசிஸ்டரின் பிசகு பயாஸுக்கும் உண்டு. தவிர, பயாஸ் பக்கத்தில் கம்ப்யூட்டர் பெரிய வேலை எதுவும் செய்வதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உண்மையான குணம் அங்கே தெரியாது.

படி 3: எண்ணின் அசைவைப் பாருங்கள்

முள் பூஜ்யத்தில் நிற்காத தராசிலும் எடை கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும் அல்லவா? சென்சரும் அப்படித்தான். அது காட்டும் அளவு பிசகியிருக்கலாம். ஆனால் லோடு, அதாவது கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம், ஏறும்போது அந்த அளவு எவ்வளவு இறங்குகிறது என்பது நம்பத்தகுந்த தகவல்.

மென்பொருளில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். கம்ப்யூட்டரைச் சும்மா விட்டு ஐந்து நிமிடம் கழித்து 12, 5, 3.3 மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஒரே சமயத்தில் கடும் வேலை கொடுத்து கால் மணி நேரம் ஓட விடுங்கள். 12 வோல்ட் ஒன்றிரண்டு படி, அதாவது 0.1 அல்லது 0.2 வோல்ட் இறங்குவது சாதாரணம். 12.1இல் தொடங்கி 11.5க்குப் போனால் மல்டிமீட்டரை எடுக்கும் நேரம் வந்துவிட்டது. லோடு மாறாமல் இருக்கும்போதே நிமிடத்துக்கு நிமிடம் சரிந்துகொண்டு போனால் நான் அதை இன்னும் பெரிதாக எடுத்துக்கொள்வேன். சூடேறச் சூடேற எஸ்எம்பிஎஸ் தளர்கிறது, அல்லது எங்கோ ஓர் இணைப்பு சூடாகிறது என்பதன் அடையாளம் அது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வி-கோர் என்ற பிராசசர் வோல்ட்டேஜ் 0.7க்கும் 1.4க்கும் இடையே துள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தருவது எஸ்எம்பிஎஸ் அல்ல, மதர்போர்டில் உள்ள சுற்று. வேலைக்கு ஏற்ப அது மாறத்தான் வேண்டும். விபேட் என்ற வரி, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியின் அளவு. அது 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே போய், கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் அழிந்துகொண்டே இருந்தால் பேட்டரியை மாற்றினால் போதும்.

படி 4: மல்டிமீட்டரால் அளப்பது

தொடங்கும் முன் மூன்று எச்சரிக்கைகள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அப்படியே இருக்கலாம். இரண்டாவது, மீட்டரின் சிவப்பு ஒயர் வோல்ட் என்று குறித்த துளையில்தான் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் என்ற துளையில் செருகிவிட்டு 12 வோல்ட்டைத் தொட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மூன்றாவது, அளக்கும் முனை பக்கத்துப் பின்னையும் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். தவறுதலாக ஏசியில் வைத்தால் சில எளிய மீட்டர்கள் 12 வோல்ட்டை இரு மடங்குக்கும் மேலாகக் காட்டும், சில பூஜ்யம் காட்டும். 26 என்ற எண்ணைப் பார்த்து அதிர்ச்சியடையும் முன் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

புதியவர்களுக்கு வசதியான இடம், எதிலும் மாட்டாமல் தொங்கும் நான்கு துளை மோலெக்ஸ் கனெக்டர். பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் மஞ்சள் 12, சிவப்பு 5, நடுவில் இரண்டும் கறுப்பு, அதாவது கிரவுண்ட். இப்போதெல்லாம் எல்லா ஒயரும் கறுப்பாக வருவதால் நிறத்தை நம்ப முடியாது, வரிசையை நம்பலாம். மீட்டரின் கறுப்பு முனையை நடுத் துளையில் வைத்து, சிவப்பு முனையால் இரு ஓரத் துளைகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஓர் ஓரத்தில் 12, மறு ஓரத்தில் 5 கிடைக்கும். முதலில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது, பிறகு கடும் வேலையில் இருக்கும்போது.

மீட்டருக்கும் பிசகு உண்டு. 0.5 சதவீதத் துல்லியம் உள்ள மீட்டர் 12 வோல்ட்டில் 0.06 வோல்ட் வரை தவறலாம், கடைசி இலக்கத்தின் ஆட்டம் தனி. மீட்டரின் பேட்டரி தீரும் நிலையில் இருந்தால் எல்லா அளவும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 12க்கு 12.9, 5க்கு 5.4, 3.3க்கு 3.55 என்று மூன்றும் ஒரே விகிதத்தில் எகிறியிருந்தால் முதலில் மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள். மூன்று வோல்ட்டேஜும் ஒன்றாக, ஒரே விகிதத்தில் கெட்டுப்போவது அரிது.

மோலெக்ஸில் நல்ல அளவு வந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், லோடு உண்மையில் ஓடும் இடத்தில் அளக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டியிருக்கும் எட்டு பின் கனெக்டரின் பின்பக்கம், ஒயர் நுழையும் துளை வழியாக மெல்லிய முனையைச் செருகிப் பார்க்கலாம். இங்கே மோலெக்ஸைவிடக் கொஞ்சம் குறைவாக வருவது இயல்பு. 18 கேஜ் தடிமன் உள்ள செம்பு ஒயரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 21 மில்லிஓம் மின்தடை உண்டு. 60 செ.மீ. நீள ஒயரில் 8 ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் அதிலேயே போய்விடும், திரும்பி வரும் கிரவுண்ட் ஒயரில் இன்னொரு 0.1. ஆனால் மோலெக்ஸ் 12.05 சொல்ல, எட்டு பின்னில் 11.4 வந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டரை அணைத்து, அந்தக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, ஏதாவது ஒரு பின் தளர்ந்திருக்கிறதா, முழுதாக அழுந்தாமல் இருந்ததா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனையைத்தான் பலரும் செய்யாமல் விடுகிறார்கள். கேபிள் உருகும் வரை போகும் கோளாறும் இதுவே.

படி 5: வந்த எண்களைச் சேர்த்துப் படியுங்கள்

12 இறங்கி 5 ஏறியிருந்தால், உதாரணமாக 11.5, 5.25 என்று வந்தால், அது பழைய அல்லது மலிவான எஸ்எம்பிஎஸ்களின் குணம். அவற்றில் 12க்கும் 5க்கும் சேர்த்து ஒரே கட்டுப்பாட்டுச் சுற்றுதான். இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் 12ஐயே இழுக்கிறது, 5ஐக் குறைவாகவே இழுக்கிறது. 12 தாழும்போது அதைத் தூக்க முயன்று சுற்று 5ஐயும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. பழுது என்று இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருத்தமில்லை. புதிய வடிவமைப்புகளில் 5ம் 3.3ம் 12இலிருந்தே தனிச் சுற்றுகள் மூலம் தயாராவதால் இந்த இழுபறி இருக்காது.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்து ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அது தொடங்குகிறதா இல்லையா என்று மட்டும்தான் அதில் தெரியும். லோடு இல்லாமல் வரும் வோல்ட்டேஜ் நல்லதாக இருந்தாலும் எதையும் நிரூபிக்காது. பழைய வகையில் லோடு இல்லாததாலேயே அளவு தாறுமாறாக வரவும் கூடும்.

கம்ப்யூட்டர் தொடங்கவே மறுக்கிறது, அல்லது பட்டனைப் பலமுறை அழுத்தினால்தான் எழுகிறது என்றால் ஊதா ஒயரைப் பாருங்கள். அதுதான் ஸ்டாண்ட்பை, 24 பின்னில் ஒன்பதாவது. அணைந்திருக்கும்போதும் அங்கே 5 வோல்ட் இருக்க வேண்டும். 4.5க்கு இறங்கியிருந்தால் ஸ்டாண்ட்பை சுற்று தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். எட்டாவது பின்னில் இருக்கும் சாம்பல் ஒயர், எல்லா வோல்ட்டேஜும் சரி என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குச் சொல்லும் சிக்னல். கம்ப்யூட்டர் ஓடும்போது அது 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அது விழுந்தால் கம்ப்யூட்டர் ரீசெட் ஆகிவிடும்.

லோடில், கனெக்டரில், நம்பகமான மீட்டரில் எல்லைக்கு வெளியே அளவு வந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றத்தான் வேண்டும். கீழே போவதைவிட மேலே போவது ஆபத்து. 12.6ஐத் தாண்டிய 12 வோல்ட்டும், 5.25ஐத் தாண்டிய 5 வோல்ட்டும் ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்எஸ்டியையும் கொண்டுபோய்விடலாம். மீட்டர் சரிதான் என்று உறுதியானால் அப்போதே அணைத்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்ட வேண்டாம்.

எல்லா எண்ணும் சரி, கம்ப்யூட்டர் மட்டும் விழுகிறது என்றால்

இதுவும் நடக்கும். மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை. மென்பொருள் ஒன்றிரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் படிக்கும். டிசி மீது ஏறி நிற்கும் சிற்றலையை, ரிப்பிள் என்பார்களே அதை, இரண்டாலும் பிடிக்க முடியாது. 12 வோல்ட்டில் அது 120 மில்லிவோல்ட்டுக்கும், 5இலும் 3.3இலும் 50 மில்லிவோல்ட்டுக்கும் மேல் போகக் கூடாது. கெப்பாசிட்டர்கள் வயதாகும்போது ரிப்பிள் ஏறும், மீட்டரோ நிதானமாக 12.05 காட்டிக்கொண்டிருக்கும். பார்க்க, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு சில மில்லிவினாடி மட்டும் பெரிதாக மின்சாரத்தை இழுக்கும் தருணங்களும் இப்படித்தான் கண்ணுக்குத் தப்பிவிடும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல்-பவர் 41 என்ற வரியைப் பார்த்து எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி என்று சொல்பவர்கள் நிறைய. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றது என்பதற்கு மேல் அந்த வரியில் எதுவும் இல்லை. ரேம் கோளாறாலோ டிரைவர் சிக்கலாலோ உறைந்துபோய் நீங்களே பவர் பட்டனை அழுத்தி அணைத்திருந்தாலும் அதே வரிதான் வரும்.

இந்த நிலையில் எஞ்சியிருக்கும் நேர்மையான சோதனை, நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான். வாட் அளவு உங்கள் கம்ப்யூட்டருக்குப் போதுமானதா என்று பாருங்கள். கேபிள்கள் கழற்றி மாட்டும் வகை என்றால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களை அப்படியே விட்டு, புதிதின் பெட்டியை மட்டும் மாற்ற ஆசை வரும். ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தத் துளையில் எந்த வோல்ட்டேஜ் வரும் என்பதற்குப் பொது விதி இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் மாறலாம். கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 போக வேண்டிய இடத்தில் 12 போய், எஸ்எஸ்டியும் அதிலிருக்கும் கோப்புகளும் ஒரு நொடியில் போய்விடும். அந்தந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிள்களை மட்டும் மாட்டுங்கள். சோதனை முடியும் வரை, அவசியமில்லாத டிஸ்க்குகளைக் கழற்றியே வையுங்கள்.